தராசைப் பிடுங்கிச் செருகினால் புரோகிராம் விழுகிறது: லிப்யூஎஸ்பியில் டிவைஸ் பாயிண்டர் யார் பொறுப்பு?

மாசிவீதி_சி

வணக்கம். கீழமாசி வீதியில் ஒரு மளிகை மொத்தக் கடைக்கு பில்லிங் பார்த்துக்கொடுக்கிறேன். கவுண்டரில் ஒரே மாடலில் இரண்டு எடைத் தராசு, ஒரு லேபிள் பிரிண்டர். மூன்றும் யூஎஸ்பி. ஒரு தராசில் சீரகம், மிளகு, ஏலக்காய். இன்னொன்றில் பருப்பு வகைகள். பின்னால் லினக்ஸ் ஓடும் சின்ன போர்டு. எடையைப் படித்து பில் போடும் புரோகிராம் சி மொழியில், லிப்யூஎஸ்பி 1.0 (யூஎஸ்பி டிவைஸ்களோடு புரோகிராம் நேராகப் பேச உதவும் லைப்ரரி) வைத்து எழுதியது. எழுதியவர் வெளிநாடு போய்விட்டார், பராமரிப்பு என் கைக்கு வந்திருக்கிறது.

கரண்ட் போய் யுபிஎஸ்ஸுக்கு மாறும் அந்த நொடியில் தராசு இரண்டும் அணைந்து திரும்ப வருகின்றன. அதற்குப் பிறகு புரோகிராம் செக்மென்டேஷன் ஃபால்ட் (தொடக்கூடாத மெமரியைத் தொட்ட பிழை) ஆகி விழுகிறது. உடனே விழுந்தாலாவது பிடித்துவிடலாம். கொஞ்ச நேரம் ஓடிவிட்டு, சம்பந்தமே இல்லாமல் லேபிள் அடிக்கும் இடத்தில் விழுகிறது. இன்னொரு விசித்திரம்: காலையில் கரண்ட் போனால் விழுகிறது, சாயங்காலம் போனால் பெரும்பாலும் விழுவதில்லை.

சாயங்காலம் வேறு தொல்லை. கேபிளை யாரும் தொடாமலே டிவைஸைத் திறக்க முடியவில்லை என்ற பிழை வர ஆரம்பிக்கும். ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும்.

மூன்றாவது, திரும்ப ஆன் செய்யும்போது சில நாள் இரண்டு தராசும் இடம் மாறிவிடுகின்றன. பருப்பு எடை சீரக பில்லில் ஏறுகிறது. சீரகம் விற்கிற விலைக்கு இது விளையாட்டான விஷயம் இல்லை.

புரோகிராம் செய்வது இதுதான். தொடக்கத்தில் ஒருமுறை கெட்_டிவைஸ்_லிஸ்ட். வெண்டர் எண், புராடக்ட் எண் பொருந்துகிற டிவைஸ்களின் பாயிண்டரை ஒரு குளோபல் அரேயில் போடுகிறது. உடனே ஃப்ரீ_டிவைஸ்_லிஸ்ட், இரண்டாவது ஆர்கியூமென்ட் 1. எடை படிக்கிற த்ரெட் அரைநொடிக்கு ஒருமுறை அரேயில் இருந்து பாயிண்டரை எடுத்து ஓபன், கிளெய்ம் (டிவைஸின் இன்டர்ஃபேஸைத் தனக்கென எடுத்துக்கொள்வது), ரீடு, ரிலீஸ், குளோஸ் என்று சுற்றுகிறது. 'ரீஸ்கேன்' பட்டனை அழுத்தினால் அரே புதுப்பிக்கப்படும்.

கடைக்காரர் 'விழுந்தா திரும்ப ஆன் பண்ணிக்கலாம் தம்பி' என்கிறார். தீபாவளி நெருங்குகிறது, கவுண்டரில் கூட்டம் நிற்கும்போது அப்படிச் செய்வதில் எனக்குச் சம்மதமில்லை. எங்கே தொடங்குவது?

ஒத்தக்கடை_யானைமலை

தம்பி, மூன்றும் தனித்தனி நோய். முதலாவதைப் பார்ப்போம், அதுதான் உயிரை எடுப்பது.

லிப்யூஎஸ்பி தருகிற டிவைஸ் பாயிண்டருக்குள் என்ன இருக்கிறது என்று நமக்குக் காட்டுவதில்லை. உள்ளே ஒரு ரெஃப் கவுண்ட், அதாவது அதை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்ற எண், இருக்கிறது. அது பூஜ்யம் ஆனவுடன் அந்த ஆப்ஜெக்ட் அழிக்கப்படும். உங்கள் புரோகிராமில் அந்த எண் எப்படி ஏறி இறங்குகிறது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

தராசு செருகியிருக்கிறது. லினக்ஸில் ஹாட்பிளக் (டிவைஸ் வருவதையும் போவதையும் கவனிக்கும்) வசதியுள்ள பதிப்பு என்றால், செருகியிருக்கிற ஒவ்வொரு டிவைஸுக்கும் கான்டெக்ஸ்ட்டே (லிப்யூஎஸ்பி தன் நிலையை வைத்திருக்கும் ஆப்ஜெக்ட்) ஒரு ரெஃப் வைத்திருக்கும். ஆக 1. நீங்கள் லிஸ்ட் கேட்டதும் லிஸ்ட்டுக்காக ஒன்று கூடி 2. அரேயில் பாயிண்டரைப் போட்டீர்கள்: இன்னும் 2-தான். பாயிண்டரை நகலெடுத்தால் எண் கூடாது, கூட்டச் சொல்லி நாம்தான் ரெஃப்_டிவைஸ் கூப்பிட வேண்டும். அது உங்கள் கோடில் இல்லை. அப்புறம் ஃப்ரீ_டிவைஸ்_லிஸ்ட்டில் அந்த 1 என்பதற்கு அர்த்தம், லிஸ்ட்டை மட்டுமல்ல, அதிலுள்ள ஒவ்வொரு டிவைஸின் ரெஃபையும் ஒன்று குறை என்பது. திரும்ப 1. ஓபன் செய்தால் 2, குளோஸ் செய்தால் 1.

இப்போது கரண்ட் போகிறது. தராசு போய்விட்டது என்று கெர்னல் சொல்கிறது. கான்டெக்ஸ்ட் தன் ரெஃபை விடுகிறது. பூஜ்யம். ஆப்ஜெக்ட் போச்சு. உங்கள் அரேயில் மட்டும் அதே முகவரி பத்திரமாக இருக்கிறது.

கவனியுங்கள், கான்டெக்ஸ்ட் தன் ரெஃபை விடுவது கேபிள் கழன்ற கணத்தில் அல்ல. அடுத்து யாராவது லிப்யூஎஸ்பியின் நிகழ்வுகளைக் கையாளும்போது. சிங்க்ரனஸ் டிரான்ஸ்ஃபர் (முடியும் வரை காத்திருக்கிற படிப்பு, எழுத்து) எல்லாமே உள்ளே அந்த வேலையைச் செய்யும். லேபிள் பிரிண்டருக்கு எழுதுவதும் அதே கான்டெக்ஸ்ட்தானே? லேபிள் அடிக்கும்போது தராசின் ஆப்ஜெக்ட் அழிகிறது, அந்த மெமரி வேறு எதற்கோ போகிறது, எடை த்ரெட் பழைய முகவரியில் கை வைக்கிறது. அதனால்தான் சம்பந்தமில்லாத இடத்தில் விழுவது போலத் தெரிகிறது.

செருகியே இருக்கும் வரை இந்தக் குறை வெளியே தெரியவே தெரியாது. மேசையில் வைத்து ஓட்டிப் பார்த்தவருக்கு எல்லாம் ஒழுங்காக ஓடியிருக்கும்.

வழி: அரேயில் போடும் வரியிலேயே ரெஃப்_டிவைஸ். அரேயில் இருந்து எடுக்கும் வரியில் அன்ரெஃப்_டிவைஸ். இப்படிச் செய்தால் கேபிள் போன பிறகும் ஆப்ஜெக்ட் உயிரோடு இருக்கும், அதை ஓபன் செய்தால் -4, அதாவது நோ_டிவைஸ், என்று மரியாதையாகப் பதில் வரும்.

தல்லாகுளம்_பைட்

அண்ணன் சொன்னது சரி. ஆனால் 'சாயங்காலம் விழுவதில்லை' என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. யாரோ ஒருவர் அந்த ரெஃபைப் பிடித்துக்கொண்டிருந்தால் மட்டுமே அப்படி நடக்கும். ஓபன் ஒரு ரெஃபைக் கூட்டும், குளோஸ்தான் அதை விடும். ஆக எங்கேயோ ஓபனுக்கு ஜோடியான குளோஸ் தவறிப்போகிறது.

சரிபார்ப்பது சுலபம். லினக்ஸில் ஒவ்வொரு ஓபனும் /டெவ்/பஸ்/யூஎஸ்பி கீழே உள்ள ஒரு கோப்பைத் திறக்கிறது. புராக் கோப்பகத்தில் உங்கள் புராசஸ் எண்ணுக்குள் போய் எஃப்டி (புராசஸ் திறந்து வைத்திருக்கிற கோப்புகள்) என்பதைப் பட்டியலிடுங்கள். காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை. எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் லீக்தான், அதாவது திறந்ததை மூடாமல் விடுகிறது. ஒரு புராசஸ் திறக்கக்கூடிய கோப்புகளின் வழக்கமான வரம்பு 1024. அதைத் தொட்டதும் புதிதாக எதையும் திறக்க முடியாது. உங்கள் இரண்டாவது தொல்லை அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

மாசிவீதி_சி

அக்கா, பார்த்துவிட்டேன். காலையில் திறந்தவுடன் பத்துக்குள் இருக்கிறது. மதியம் முன்னூற்றைத் தாண்டியது. கிட்டத்தட்ட எல்லாமே /டெவ்/பஸ்/யூஎஸ்பி/001/007, அதே கோப்பு திரும்பத் திரும்ப. பழைய எண் ஒன்றின் பக்கத்தில் 'அழிக்கப்பட்டது' என்றும் போட்டிருக்கிறது.

இடமும் கிடைத்தது. மெயின் த்ரெட்டில் 'தராசு உயிரோடு இருக்கிறதா' என்று பார்க்கிற ஃபங்ஷன் ஒன்று, சில நொடிக்கு ஒருமுறை ஓடுகிறது. ஓபன் செய்யும், இன்டர்ஃபேஸைக் கிளெய்ம் செய்யும், பிறகு ரிலீஸ், குளோஸ். அதே நேரத்தில் எடை த்ரெட் அந்த இன்டர்ஃபேஸை வைத்திருந்தால் கிளெய்ம் -6, அதாவது பிஸி, என்று திரும்புகிறது. அங்கே 'பிழை என்றால் ரிட்டர்ன்' என்று ஒரே வரி. குளோஸ் அதற்குக் கீழே இருக்கிறது.

தல்லாகுளம்_பைட்

அப்படியானால் எல்லாம் பொருந்துகிறது. மதியத்துக்குள் மூடாத ஹேண்டில்கள் (ஓபன் செய்தால் கையில் கிடைப்பவை) சேர்ந்துவிடுகின்றன, ஒவ்வொன்றும் அந்த டிவைஸ் மேல் ஒரு ரெஃப். கேபிள் போனாலும் எண் பூஜ்யத்துக்கு வராது, ஆப்ஜெக்ட் அழியாது, புரோகிராம் விழாது. காலையில் லீக் இன்னும் சேரவில்லை, அதனால் விழுகிறது.

தயவுசெய்து இதைக் கவனமாகப் படியுங்கள்: லீக்கை மட்டும் அடைத்துவிட்டு வீட்டுக்குப் போனால், நாளையிலிருந்து சாயங்காலமும் விழும். கடைக்காரர் 'நீ கை வச்சதும்தான் கெட்டுப்போச்சு' என்பார். ஒரு குறைதான் இன்னொரு குறையைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. அரேயில் ரெஃப் கூட்டுவதையும் குளோஸ் தவறுவதையும் ஒரே மாற்றத்தில் சரிசெய்யுங்கள்.

குளோஸுக்கு சி-யில் பழைய வழியே போதும். ஃபங்ஷனின் அடியில் வெளியேறும் பகுதி ஒன்று, பிழை எங்கே வந்தாலும் கோட்டு (goto) வைத்து அங்கே போவது. கிளெய்ம் ஆகியிருந்தால் ரிலீஸ், ஓபன் ஆகியிருந்தால் குளோஸ், அந்த வரிசையில். கோட்டு கூடாது என்று கல்லூரியில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். லினக்ஸ் கெர்னல் டிரைவர்கள் முழுக்க இந்த முறைதான். நடுவில் ரிட்டர்ன் வைப்பதுதான் இங்கே ஆபத்து.

திருநகர்_எம்பெடட்

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். இங்கே ரெஃப் கூட்டு, அங்கே ரெஃப் குறை என்று ஒட்டுப்போடுவதில் எனக்கு நம்பிக்கையில்லை. பிரச்சினை ரெஃப் கவுண்ட் இல்லை. ஒரே தராசை இரண்டு த்ரெட் சொந்தம் கொண்டாடுவதுதான் பிரச்சினை. பிஸி என்று பதில் வந்ததே, அதுவே அத்தாட்சி.

ரெஃப்_டிவைஸை எத்தனை த்ரெட் வேண்டுமானாலும் கூப்பிடலாம், எண் சரியாகவே இருக்கும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எடை த்ரெட் என்ன செய்கிறது? அரேயில் இருந்து பாயிண்டரை எடுக்கிறது, பிறகு அதைப் பயன்படுத்துகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் யாராவது ரீஸ்கேன் அழுத்தி அரேயின் ரெஃபை விட்டுவிட்டால்? எண் பூஜ்யம், கையில் இருப்பது செத்த பாயிண்டர். அதன் மேல் ரெஃப் கூட்டுவதே தப்பு. அரேயில் இருந்து எடுப்பதும் ரெஃப் கூட்டுவதும் ஒரே மியூடெக்ஸுக்குள் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் பூட்டு) நடக்க வேண்டும். ஒட்டுப்போடுகிறவர்கள் இதைத்தான் எப்போதும் விட்டுவிடுகிறார்கள்.

நான் செய்வது வேறு. டிவைஸ் பாயிண்டரும் ஹேண்டிலும் ஒரே த்ரெட்டுக்குச் சொந்தம். நம்முடைய ஸ்ட்ரக்ட் ஒன்று: டிவைஸ், ஹேண்டில், எந்த போர்ட், கடைசி எடை, நிலை. மற்ற எவருக்கும் பாயிண்டர் கிடையாது, ஒரு எண் மட்டும்தான். அந்த எண்ணுக்குள் இரண்டு பகுதி: அரேயில் எத்தனையாவது இடம், அந்த இடம் எத்தனையாவது முறை பயன்படுகிறது. தராசு கழன்று இன்னொன்று அதே இடத்துக்கு வந்தால் இரண்டாவது பகுதி ஒன்று கூடும். பழைய எண்ணைக் கொண்டுவந்து கேட்பவருக்கு 'அந்த டிவைஸ் இப்போது இல்லை' என்று சொல்லிவிடலாம். மெமரியைத் தவறாகத் தொட வழியே இல்லை.

ஒத்தக்கடை_யானைமலை

திருநகர் சாருக்கு: மியூடெக்ஸ் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை, நான் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டிய விஷயம் அது. கெர்னலில் கேரெஃப் என்று இதே வேலைக்கு ஒன்று உண்டு. அதன் ஆவணமும் இதையே விதியாக வைக்கிறது: பாயிண்டரை இன்னொரு த்ரெட்டிடம் கொடுப்பதாக இருந்தால், கொடுப்பதற்கு முன்பே எண்ணைக் கூட்டு, வாங்கியவர் கூட்டிக்கொள்வார் என்று விடாதே.

ஆனால் ஒரே சொந்தக்காரர் என்றாலும் அந்த ஒருவர் ரெஃப் வைத்துத்தான் ஆக வேண்டும். லிஸ்ட்டை ஃப்ரீ செய்த பிறகும் உங்கள் ஸ்ட்ரக்ட்டில் டிவைஸ் பாயிண்டர் இருக்கிறதல்லவா? அதற்கு உயிர் கொடுப்பது ரெஃப் அல்லது திறந்திருக்கிற ஹேண்டில். இரண்டும் வேண்டாம் என்றால் உங்கள் அமைப்பும் இதே பள்ளத்தில் விழும்.

திருநகர்_எம்பெடட்

அதை மறுக்கவில்லை. ஓபன் செய்த ஹேண்டிலே ரெஃப் வைத்திருப்பதால் நான் டிவைஸ் பாயிண்டரைத் தனியாகச் சேமிப்பதே இல்லை. தேவைப்பட்டால் கெட்_டிவைஸ் மூலம் ஹேண்டிலிடம் கேட்டுக்கொள்வேன். லிஸ்ட் வந்ததும், அதை ஃப்ரீ செய்வதற்கு முன்பே, வேண்டிய டிவைஸை ஓபன் செய்துவிடுவேன். அந்த வரிசைதான் முக்கியம்.

இன்னொன்று, அரைநொடிக்கு ஒருமுறை திறந்து மூடுவது எதற்கு? இந்தத் தராசு எச்ஐடி (கீபோர்டு, மவுஸ் சேர்ந்த) வகையாக இருந்தால் கெர்னலின் யூஎஸ்பிஎச்ஐடி டிரைவர் அதைப் பிடித்திருக்கும். ஒவ்வொரு முறையும் அதைக் கழற்றிக் கிளெய்ம் செய்து, பிறகு திரும்ப மாட்டுகிறீர்கள். தேவையில்லாத வேலை. ஆட்டோ_டிடாச் (கெர்னல் டிரைவரைத் தானாகக் கழற்றும் வசதி) போட்டு, தராசு வந்ததும் ஒருமுறை திறந்து கிளெய்ம் செய்து, அது போகும் வரை அப்படியே வைத்திருங்கள். 'உயிரோடு இருக்கிறதா' ஃபங்ஷனையே தூக்கிவிடலாம். ரீடில் -4 வந்தால் இல்லை என்று அர்த்தம், வேறு சோதனை எதற்கு?

மேலூர்_மாணவி

சார், ஒரு சந்தேகம். கெட்_டிவைஸ் என்று வாங்கினால் வேலை முடிந்ததும் அன்ரெஃப் செய்ய வேண்டாமா? கெட்_டிவைஸ்_லிஸ்ட்டும் 'கெட்' என்றுதான் தொடங்குகிறது, அதற்கு மட்டும் ஃப்ரீ வேண்டும் என்கிறார்கள். எதற்கு வேண்டும், எதற்கு வேண்டாம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒத்தக்கடை_யானைமலை

நல்ல கேள்விம்மா. பெயரைப் பார்த்து முடிவு செய்ய முடியாது, ஆவணத்தைத்தான் பார்க்க வேண்டும். கெட்_டிவைஸ் எண்ணைக் கூட்டாது. அது இரவல். ஹேண்டில் திறந்திருக்கும் வரை அந்தப் பாயிண்டர் செல்லும். நீ அன்ரெஃப் செய்தால் ஹேண்டிலுக்குச் சேர வேண்டிய ரெஃபை நீ விட்டதாகிவிடும், பிறகு குளோஸ் செய்யும்போது இல்லாததை விடப் பார்க்கும். கெட்_டிவைஸ்_லிஸ்ட்டோ ஒவ்வொன்றையும் கூட்டியே கொடுக்கிறது.

லிப்யூடெவ்விலும் (லினக்ஸில் டிவைஸ் விவரங்களைத் தரும் லைப்ரரி) இதே பொறி உண்டு. டிவைஸ் ஒன்றிடம் அதன் பேரன்ட் யார் என்று கேட்டால் வருவது இரவல் பாயிண்டர். பிள்ளையை அன்ரெஃப் செய்து அழிந்ததும் பேரன்ட்டும் சேர்ந்து போய்விடும். பேரன்ட்டைத் தனியாக வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் அதற்குத் தனியாக ரெஃப் கூட்ட வேண்டும். பேரன்ட்டைப் பிடித்துக்கொண்டு பிள்ளையை விட்டுவிட்டு, மணிக்கணக்காகத் தேடியவர்கள் உண்டு.

வாடகைப் பாத்திரக் கடையில் அண்டாவை எடுத்தவர் பேரில்தான் நோட்டில் எழுதுவார்கள். பக்கத்து வீட்டுக்காரர் அதில் இரண்டு கரண்டி சாம்பார் மொண்டார் என்பதற்காக அவர் பெயரை எழுதமாட்டார்கள். நோட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

நீ எழுதுகிற லைப்ரரியில் இந்தக் குழப்பத்தை வைக்காதே. பாயிண்டர் திருப்பித் தருகிற ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் ஹெடர் கோப்பிலேயே ஒரு வரி எழுது: இது இரவலா, சொந்தமா, சொந்தமென்றால் எந்த ஃபங்ஷனால் விடுவது, இரவலென்றால் எது வரைக்கும் செல்லும். ஹெடரைத் திறக்கிறவர் கண்ணில் படுகிற இடத்தில் அது இருக்க வேண்டும்.

மேலூர்_மாணவி

புரிந்தது சார். ரஸ்ட் மாதிரி மொழி என்றால் இதை கம்பைலரே பார்த்துக்கொள்ளுமே, எதற்கு இன்னும் சி என்றும் கேட்க நினைத்தேன்.

தல்லாகுளம்_பைட்

புதிதாகத் தொடங்கினால் தாராளமாகச் செய்யலாம். தீபாவளிக்கு முன் ஓடிக்கொண்டிருக்கிற கடையில் அல்ல. தவிர, அங்கேயும் அடியில் கூப்பிடுவது இதே சி லைப்ரரியாக இருந்தால், யாரோ ஒருவர் ரெஃப் எங்கே, அன்ரெஃப் எங்கே என்று சரியாக எழுதித்தான் அந்த மேலுறையைச் செய்திருப்பார். ஜிசிசியில் கிளீனப் ஆட்ரிபியூட் உண்டு, வேரியபிள் தன் எல்லையைத் தாண்டும்போது நாம் சொன்ன ஃபங்ஷனைத் தானாகக் கூப்பிடும். சி ஸ்டாண்டர்டில் கிடையாது, ஆனால் கிளாங்கிலும் வேலை செய்யும். பார்த்துவையுங்கள்.

வைகை_வடகரை

மூன்றாவது பிரச்சினையை யாரும் தொடவில்லை. இரண்டு தராசுக்கும் வெண்டர் எண், புராடக்ட் எண் ஒன்றேதான். சீரியல் எண் இருந்தால் அதை வைத்துப் பிரிக்கலாம். மாசிவீதி, லிப்யூஎஸ்பி டிவைஸ் விவரத்தில் சீரியலுக்கான இன்டெக்ஸ் பூஜ்யமா என்று பாருங்கள். விலை குறைந்த தராசுகளில் பெரும்பாலும் பூஜ்யம்தான், அதாவது சீரியலே இல்லை.

டிவைஸ் அட்ரஸை நம்பவே கூடாது. அது ஒவ்வொரு முறை செருகும்போதும் கெர்னல் புதிதாகக் கொடுக்கிற எண், 127 வரை போகும். நம்பக்கூடியது போர்ட் பாதை: எந்த பஸ், அதில் எந்த போர்ட், அங்கே ஹப் இருந்தால் அதில் எந்த போர்ட். கெட்_பஸ்_நம்பர், கெட்_போர்ட்_நம்பர்ஸ் இரண்டும் போதும். இரண்டாவதுக்கு 7 பைட் இடம் கொடுங்கள், யூஎஸ்பியில் அதற்கு மேல் ஆழம் கிடையாது. கரண்ட் எத்தனை முறை போய் வந்தாலும் கேபிள் அதே ஓட்டையில் இருக்கும் வரை பாதை மாறாது.

'ஹப்பின் 2-வது போர்ட் பருப்புத் தராசு, 3-வது சீரகத் தராசு' என்று கான்ஃபிக் கோப்பில் எழுதிவிடுங்கள். ஹப்பின் மேலேயும் கேபிள் நுனியிலும் பெயின்ட் வைத்து அடையாளமிடுங்கள், ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. கடையைப் பெருக்குகிறவர் கழற்றி மாட்டினாலும் நிறம் பார்த்து மாட்டுவார். அது இல்லாமல் கோடில் என்ன எழுதியும் பயனில்லை.

வெண்டர், புராடக்ட் எண் கொடுத்து நேராகத் திறக்கிற ஃபங்ஷன் ஒன்று உண்டு, அதைக் கோடில் எங்கேயாவது பார்த்தால் எடுத்துவிடுங்கள். ஒரே மாதிரி இரண்டு இருந்தால் முதலில் கண்ணில் பட்டதைத் திறந்துவிட்டுப் போய்விடும். சோதனை புரோகிராமுக்கு மட்டும் சரி.

மாசிவீதி_சி

சீரியல் இன்டெக்ஸ் பூஜ்யம்தான். போர்ட் பாதையை எழுதிப் பார்த்தேன், பிடுங்கிச் செருகியும் மாறவில்லை. டிவைஸ் அட்ரஸ் மட்டும் ஒவ்வொரு முறையும் ஏறிக்கொண்டே போகிறது. நன்றி.

திருநகர் சார் சொன்னபடி ஒரே த்ரெட்டுக்குக் கொடுக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். கேபிள் வந்தது போனது என்பதைத் தெரிந்துகொள்ள ஹாட்பிளக் கால்பேக் (நிகழ்வு வந்ததும் லைப்ரரி கூப்பிடும் நம் ஃபங்ஷன்) வைக்கலாமா, அல்லது ரீஸ்கேனையே டைமரில் ஓட்டலாமா?

ஒத்தக்கடை_யானைமலை

கால்பேக்கே வைத்துக்கொள்ளுங்கள். 1.0.16-இல் இருந்து இருக்கிறது. முதலில் ஹேஸ்_கேப்பபிலிட்டி கேட்டு, இந்த மேடையில் ஹாட்பிளக் உண்டா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். பதிவு செய்யும்போது எனுமரேட் கொடி போட்டால், ஏற்கெனவே செருகியிருக்கிற டிவைஸ்களுக்கும் 'வந்தது' என்று கால்பேக் வரும். தொடக்கத்துக்கு ஒரு கோடு, பிறகுக்கு ஒரு கோடு என்று இரண்டு வேண்டாம்.

கால்பேக்குக்குள் வேலை எதையும் செய்யாதீர்கள். அது நிகழ்வுகளைக் கையாளும் த்ரெட்டுக்குள் ஓடுகிறது. அங்கே உட்கார்ந்து சிங்க்ரனஸ் டிரான்ஸ்ஃபர் செய்தால் தன்னைத்தானே காத்துக்கொண்டிருக்கும். 'வந்தது' என்றால் ரெஃப்_டிவைஸ், கியூவில் போடு, 0 திருப்பு. அவ்வளவுதான். 1 திருப்பினால் 'இனி என்னைக் கூப்பிடாதே' என்று அர்த்தம், முதல் தராசோடு நின்றுவிடும். கியூவில் இருந்து எடுக்கிற சொந்தக்கார த்ரெட் ஓபன் செய்து, கிளெய்ம் செய்து, பிறகு கியூவுக்காகக் கூட்டிய ரெஃபை விட வேண்டும். ஓபன் தோற்றாலும் அந்த ரெஃபை விட வேண்டும்! நிறையப் பேர் வெற்றிப் பாதையில் மட்டும் விடுவார்கள்.

'போனது' என்று வந்தாலும் குளோஸ் நம் பொறுப்புதான். தராசு போய்விட்டது என்பதற்காக லைப்ரரி ஹேண்டிலை மூடாது.

மூடும் வரிசையும் எழுதிவிடுகிறேன், கேள்வி வரும். அசிங்க்ரனஸ் டிரான்ஸ்ஃபர் ஓடிக்கொண்டிருந்தால் கேன்சல் செய்யுங்கள். கேன்சல் திரும்பி வந்ததும் முடிந்துவிட்டது என்று எண்ணாதீர்கள், அது ஒரு கோரிக்கை மட்டுமே. அந்த டிரான்ஸ்ஃபரின் கால்பேக் வந்த பிறகுதான் ஃப்ரீ_டிரான்ஸ்ஃபர். பிறகு ரிலீஸ், குளோஸ், நம் கையில் ரெஃப் இருந்தால் அன்ரெஃப். எல்லா டிவைஸும் முடிந்த பிறகு கால்பேக் பதிவை நீக்கி, கடைசியாக எக்ஸிட்.

தல்லாகுளம்_பைட்

சோதிக்கும்போது ஒரு விஷயம். மெமரித் தவறுகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசர் போட்டு கம்பைல் செய்யத் தோன்றும், நல்ல கருவிதான். ஆனால் அது நாம் கம்பைல் செய்த கோடைத்தான் கண்காணிக்கும். நம் டிவைஸ் பாயிண்டருக்குள் கை வைப்பது நாம் அல்ல, லிப்யூஎஸ்பியின் ஓபன். டிஸ்ட்ரோ கொடுத்த லிப்யூஎஸ்பி அப்படி கம்பைல் ஆனதில்லை, ஆகவே இந்தக் குறை சானிடைசர் கண்ணில் படாமல் போகலாம். ஒன்று லிப்யூஎஸ்பியையும் அதே கொடியோடு நீங்களே பில்ட் செய்யுங்கள், இல்லையென்றால் வால்கிரைண்டில் ஓட்டுங்கள். வால்கிரைண்ட் மெதுவாக ஓடும், ஆனால் லைப்ரரி உட்பட எல்லாவற்றையும் பார்க்கும். மெமரி எங்கே ஒதுக்கப்பட்டது, எங்கே விடுவிக்கப்பட்டது, பிறகு யார் தொட்டது என்று மூன்று இடத்தையும் காட்டும்.

லிப்யூஎஸ்பி_டீபக் என்ற என்விரான்மென்ட் வேரியபிளுக்கு 4 கொடுத்தும் ஓட்டுங்கள். திறந்த டிவைஸ் ஏதாவது மூடாமல் இருந்தால் எக்ஸிட் நேரத்தில் எச்சரிக்கை வரும்.

மாசிவீதி_சி

பழைய கோடை அப்படியே வால்கிரைண்டில் ஓட்டி, தராசைப் பிடுங்கி, ஒரு லேபிள் அடித்தேன். நீங்கள் சொன்ன மூன்று இடமும் வந்தது. விடுவித்த இடம் பிரிண்டரின் பல்க் டிரான்ஸ்ஃபருக்குள், தொட்ட இடம் எடை த்ரெட்டின் ஓபன். பார்த்ததும் மனசுக்கு நிறைவாக இருந்தது, யூகம் எல்லாம் கண்ணெதிரே வந்துவிட்டது.

புது அமைப்பு இப்போது கடையில் ஓடுகிறது. டிவைஸும் ஹேண்டிலும் தராசு த்ரெட்டுக்கு மட்டும். பில் பக்கத்துக்கு எண் மட்டும். எஃப்டி பட்டியல் காலையும் சாயங்காலமும் ஒரே அளவில் நிற்கிறது. நேற்று கரண்ட் போய் வந்தபோது திரையில் 'தராசு இல்லை' என்று காட்டி, ஒரு மூச்சில் திரும்ப எடை வந்துவிட்டது. வடகரை அண்ணன் சொன்ன பெயின்ட்டும் வைத்தாயிற்று. எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

ஒன்று பாக்கி. லேபிள் பிரிண்டரையும் இதே ஸ்ட்ரக்ட்டுக்குள் கொண்டுவரவா?

திருநகர்_எம்பெடட்

வேண்டாம். /டெவ்/யூஎஸ்பி/எல்பி0 என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் கெர்னலின் யூஎஸ்பிஎல்பி டிரைவர் அதைப் பார்த்துக்கொள்கிறது. சாதாரணக் கோப்பு போலத் திறந்து எழுதி மூடுங்கள், லிப்யூஎஸ்பியே தேவையில்லை. தராசுக்கும் எச்ஐடிரா (எச்ஐடி டிவைஸுக்குக் கெர்னல் தரும்) கோப்பு வழியாக அப்படிச் செய்யலாம், ஆனால் ஓடுகிறதை இப்போது கலைக்காதீர்கள். பண்டிகை முடியட்டும்.

வைகை_வடகரை

ஹப்புக்குத் தனி அடாப்டர் வைத்து அதையும் தராசுகளையும் யுபிஎஸ்ஸில் கொடுங்கள். மாறும் நேரம் குறைந்த யுபிஎஸ்ஸாகப் பாருங்கள், டவுன்ஹால் ரோட்டில் கேட்டால் காட்டுவார்கள்.

மாசிவீதி_சி

எல்பி0 இருக்கிறது சார். கடை மூடியதும் மாற்றுகிறேன்.